நில் என்ற சொல்லுக்குச் சிவப்பு

டிப்போவில் அவரைக் கறுப்புத்திரை என்றுதான் கூப்பிடுவார்கள். மற்ற மேசைகளில் கம்ப்யூட்டர் என்றால் படமும் பொத்தானும் அம்புக்குறியுமாக இருக்கும். இவர் மேசையில் மட்டும் கறுப்புத் திரை, அதில் வரிவரியாக வெள்ளை எழுத்து. டெர்மினல் என்று அதற்குப் பெயர். எது வேண்டுமென்றாலும் அதில் கட்டளையைத் தட்டித்தான் வாங்கிக்கொள்வார். புதிதாக வந்த மேனேஜர் முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, ரிப்பேருக்கு ஆள் வரச்சொல்லவா என்று அக்கறையாக விசாரித்தார். இந்தக் கதையைக் கேண்டீனில் சொல்லிச் சொல்லி ஊரைச் சிரிக்க வைத்தவரும் கறுப்புத்திரையேதான்.

ஆளுக்கு வாய் அப்படி. நாலு பேர் சேர்ந்தால் போதும், உப்புச்சப்பில்லாத விஷயத்தைக்கூட மணக்க மணக்கச் சொல்வார். டிக்கெட் மெஷின் பழுது பார்க்கும் வேலையில்தான் டிப்போவுக்குள் நுழைந்தார். ஒருநாள் ஒரு பஸ்ஸில் கண்டக்டரின் மெஷின் மக்கர் செய்ய, இவர் ஏறி உட்கார்ந்து திருகாணிகளைக் கழற்றினார். கை வேலை செய்ய, வாய் அதன் பாட்டுக்குக் கதை அளந்தது. டிரைவர் இருக்கையிலிருந்து திரும்பிப் பார்த்துச் சிரித்தவள் இன்று அவருடைய மனைவி. அந்தப் பேச்சில் விழுந்தவள்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை என்று அவளே சொல்வாள். ஆனால் சொல்லும்போது முன்போல் சிரிப்பதில்லை.

ஏனென்றால் அந்தப் பேச்சு வீட்டுக்குள் வருவதில்லை. டிப்போ கேட்டோடு நின்றுவிடும். வீட்டில் அவருக்கு இருந்த சொற்கள் மூன்று: ம், சரி, அப்புறம். ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் இந்த மூன்றையும் வைத்து அப்பாவைப் போல நடித்துக் காட்டுவாள். அவருக்கே சிரிப்பு வரும். சிரித்துவிட்டு, சரி என்பார்.

இப்போது டிப்போவின் விடியற்காலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பட்டறையில் ஃபோர்மேன் ஒவ்வொரு பஸ்ஸையும் பார்த்து, ஓடலாம் என்றால் ‘செல்’ என்றும், கூடாது என்றால் ‘நில்’ என்றும் கம்ப்யூட்டரில் பதிவார். காலையில் கறுப்புத்திரையின் ஸ்கிரிப்ட் தானாக ஓடும். ஸ்கிரிப்ட் என்றால் வேறொன்றுமில்லை, ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டிய கட்டளைகளை எழுதி வைத்த ஒரு கோப்பு. அது எல்லாப் பதிவுகளையும் துழாவி, எந்த பஸ் ஓடும், எந்த பஸ் ஓடாது என்று இரண்டு இடங்களுக்கு அனுப்பும். தண்ணீர்க் குழாயில் டி வடிவ இணைப்பு போட்டுப் பிரிப்பது போல, ஒரு கிளை ஓட்டுநர்கள் ஓய்வறைச் சுவரில் இருக்கும் பெரிய திரைக்கு. இன்னொரு கிளை கேட்டில் இருக்கும் சின்ன மெஷினுக்கு.

கேட்காரர் வெளியே போகும் பஸ்ஸின் எண்ணைத் தட்டுவார். அந்த எண்ணின் வரி ‘நில்’ என்று தொடங்கினால் மெஷின் கூவும், தடுப்புக் கம்பி எழும்பாது. இல்லாவிட்டால் கம்பி எழும். இந்த மெஷின் வருவதற்கு முன் பழுதான பஸ்ஸின் ஸ்டீயரிங்கில் ஒரு மரப்பலகையைக் கயிற்றால் தொங்கவிடுவார்கள். மெஷின் வந்தபின் பலகைகளெல்லாம் பட்டறை மூலைக்குப் போய்விட்டன. அவற்றில் ஒன்றை வைத்துத்தான் இப்போது ஃபோர்மேன் தன் தேநீரை மூடுகிறார்.

மனைவிதான் முதலில் கேட்டாள். சுவர்த் திரையில் எல்லாம் வெள்ளை எழுத்தாகவே இருக்கிறதாம். தூக்கக் கலக்கத்தில் பார்த்தால் எறும்பு ஊர்வது போலத்தான் தெரிகிறதாம்.

“உங்க டேபிள்ல மட்டும் நில்லுனு சிவப்பா வருதே. அதை எங்களுக்கும் போட்டுத் தரக்கூடாதா?”

உண்மைதான். அவர் மேசையில் தேடும் கட்டளையைத் தட்டினால், தேடிய சொல் மட்டும் சிவப்பாக வந்து நிற்கும். ஊதித் தள்ளக்கூடிய வேலை என்று நினைத்தார். சரி என்றார்.

ஊதித் தள்ள முடியவில்லை. அதே கட்டளையைக் கையால் தட்டினால் ‘நில்’ சிவப்பாக வந்தது. ஸ்கிரிப்ட்டுக்குள் எழுதி ஓடவிட்டால் வெள்ளையாக வந்தது. எழுத்துப் பிசகா என்று பார்த்தார், இல்லை. ஒரே கட்டளை, ஒரே கம்ப்யூட்டர், ஒரே ஆள். கையால் அடித்தால் ஒன்று, ஸ்கிரிப்ட்டில் போட்டால் வேறு. சுவர்த் திரையில்தான் கோளாறோ என்று அதைக் கழற்றித் துடைத்து மாட்டினார். கம்பியை மாற்றினார். மூக்குக்கண்ணாடியைக்கூடத் துடைத்தார். ஃபோர்மேன் வந்து எட்டிப் பார்த்து, “கலர் தீந்துபோச்சோ என்னமோ,” என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லோரும் சிரித்தார்கள், இவருக்கு மட்டும் சுருக்கென்றது.

நடக்கும்போதும் அதே யோசனை, சாப்பிடும்போதும் அதே யோசனை. மகள் கணக்குப் பாடத்தில் ஏதோ கேட்டதற்கு, கையால் போட்டுப் பார், ஸ்கிரிப்ட்டில் போடாதே என்றார். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கூரையைப் பார்த்தாள்.

அந்த வாரம் டிப்போவில் ஒரு கண்டக்டருக்கு ஓய்வு பெறும் நாள். கூட்டத்தில் கறுப்புத்திரையைப் பேசச் சொன்னார்கள். மனிதர் பிய்த்து உதறினார். நடுவில் மனைவியைப் பற்றியும் சொன்னார். கொட்டுகிற மழையில், பாதி முழுகிய பாலத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்திக்கொண்டு, பயணிகள் எவ்வளவு திட்டியும் நகர மாட்டேன் என்று அவள் உட்கார்ந்திருந்த கதையை. அவள் கைப்பிடி உறுதி, அவள் நிதானம், அவள் இருக்கிற பஸ்ஸில் தன் மகளைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றி அனுப்புவேன் என்பதுவரை. கைதட்டல் ஓயவில்லை. பின் வரிசையில் அவள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள், காது மடல் சிவந்திருந்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அவள் கேட்டாள்: “பாலத்துக் கதை உங்களுக்கு இவ்வளவு ஞாபகமா இருக்கா?”

“ம்,” என்றார். அவர் மண்டைக்குள் சிவப்பு வெள்ளையாகிக்கொண்டிருந்தது.

அவ்வளவுதான், அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “நாலு பேர் பாத்தா கலர் கலரா பேசுறீங்க. நான் மட்டும் இருந்தா கறுப்பு வெள்ளை. உங்ககூட நான் இருக்கறது உங்களுக்குத் தெரியுதா இல்லையா?”

அவர் சமாதானமாக ஏதாவது சொல்லியிருக்கலாம். சொன்னது இது: நீ கேட்ட கலருக்காகத்தான் இத்தனை நாளாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன், அது தெரியுமா உனக்கு?

“எனக்கு உங்க கலரும் வேணாம், உங்க திரையும் வேணாம்,” என்றாள் அவள். “இனி அந்தப் பக்கமே பாக்க மாட்டேன். நிக்கணும்னா கேட் மெஷின் சொல்லும், நின்னுக்கறேன்.”

சொன்னால் சொன்னதுதான், அவள் ரகம் அது. மறுநாளிலிருந்து ஓய்வறைக்குள் போனால் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு, நேராகத் தன் வழக்கமான பதினேழாம் எண் பஸ்ஸுக்குப் போய்விடுவாள்.

அவருக்கு விடை கிடைத்ததும் அதே நாளில்தான். அந்தக் கட்டளைக்கான விளக்கத்தை வரி விடாமல் படித்தபோது ஓர் இடத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்தக் கட்டளை, தான் எழுதுவது நேராகத் திரைக்குப் போகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுமாம். திரை என்றால் எதிரே மனிதக் கண் இருக்கிறது என்று அர்த்தம், கலர் போடும். குழாய் வழியாகவோ கோப்புக்கோ போகிறது என்றால் பார்க்க ஆளில்லை என்று அர்த்தம், கலரை விட்டுவிடும். கையால் தட்டியபோது சிவந்ததும், டி போட்ட ஸ்கிரிப்ட்டில் வெளுத்ததும் அதனால்தான்.

பார்க்க ஆள் இருந்தால்தான் கலர். முந்தின இரவு மனைவி சொன்னதும், இந்தக் கட்டளையை எழுதியவர்கள் சொன்னதும் ஒன்றாக இருக்கிறதே என்று அவருக்கு ஒரே குழப்பம். இதைக் கட்டளையின் குறை என்பதா, குணம் என்பதா? தன்னைப் பற்றித்தான் கேட்டுக்கொள்கிறோமோ என்று ஒரு நிமிடம் தோன்றியது. அந்த நினைப்பே பிடிக்கவில்லை. விளக்கத்தில் அடுத்த வரியிலேயே மருந்தும் இருந்தது. ‘எப்போதும்’ என்ற ஒரு சொல்லைக் கட்டளையோடு சேர்த்தால் போதும், யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் கலர் போடும். வீம்பு தலைக்கேறியது. எப்போதும் என்று சேர்த்தார். சுவர்த் திரையில் ‘நில்’ செக்கச்செவேலென்று வந்து நின்றது. ஓய்வறையே பாராட்டியது. அவள் மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.

சில நாள் எல்லாம் நன்றாகப் போயிற்று. அந்த நாட்களில் நிறுத்தி வைத்த பஸ்கள் சக்கரம் கழற்றிக் கட்டைமேல் நின்றவை. கேட் பக்கம் வரவே அவற்றால் முடியாது. அதனால் மெஷின் கூவாததை யாரும் கவனிக்கவில்லை.

பிறகு ஒரு காலை. சுவர்த் திரையில் பதினேழுக்கு ‘நில்’ சிவந்திருந்தது. பின் சக்கரத்தில் பிரேக் காற்று கசிகிறது, நின்ற இடத்தில் தெரியாது, நாலைந்து முறை மிதித்தால்தான் இறங்கும், உதிரிப் பாகம் மதியம் வரும் என்று ஃபோர்மேன் முந்தின மாலையே பதிந்திருந்தார். கேட் நிறுத்திவிடும் என்ற தைரியத்தில் வண்டியை வழக்கமான வரிசையிலேயே விட்டிருந்தார். அவள் உள்ளே வந்தாள், முதுகைக் காட்டினாள், கையெழுத்துப் போட்டாள், போனாள். கறுப்புத்திரை அப்போது தன் அறையில் ஓர் அறுந்த கம்பியோடு மல்லாடிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் ஃபோர்மேன் மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றார்.

“பதினேழு வரிசையில இல்ல.”

பட்டறைக்குப் போயிருக்கும் என்றார் இவர். பட்டறையிலிருந்துதான் வருகிறேன் என்றார் அவர். இருவரும் கேட்டுக்கு ஓடினார்கள். போய்விட்டது என்றார் கேட்காரர், எண்ணைத் தட்டினேன், கூவவில்லை, கம்பி எழுந்தது. ஏன், என்ன?

கறுப்புத்திரை போனை எடுத்தார். மனைவியின் போனுக்கு அடித்தார். ஓட்டும்போது அவள் எடுக்க மாட்டாள், எடுக்கவும் கூடாது. இந்த நிதானத்தைத்தான் கூட்டத்தில் மெச்சி மெச்சிப் பேசினார். இப்போது எடுத்துத் தொலையேன் என்று போனைப் பார்த்துக் கெஞ்சினார். கண்டக்டரின் போன் அணைந்திருந்தது. வழியில் இருக்கிற நிலையங்களுக்கெல்லாம் ஃபோர்மேன் தகவல் சொல்லச் சொன்னார். அந்தத் தடத்தில் ஓர் இறக்கம் உண்டு, சந்தைக்குள் போய் முடியும். அதை இருவருமே வாய்விட்டுச் சொல்லவில்லை.

காத்திருக்க வேண்டியதுதான் பாக்கி. அவர் மேசைக்கு வந்து, கேட்டுக்குப் போகும் கோப்பைத் திறந்தார். இருந்தது. ‘நில்’ என்று தொடங்கி, பதினேழு என்ற எண்ணோடு, பளிச்சென்று இருந்தது. கேட் மெஷின் படிப்பது போலவே, ‘நில்’ என்று தொடங்கும் வரி இருக்கிறதா என்று கட்டளை போட்டுக் கேட்டார். இல்லை என்றது. மறுபடி கோப்பைப் பார்த்தார், இருக்கிறது. மறுபடி கேட்டார், இல்லை. கண் இருக்கிறது என்கிறது, கம்ப்யூட்டர் இல்லை என்கிறது. தனக்குத்தான் புத்தி பிசகிவிட்டதோ என்று பயந்துபோனார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு, இங்கே என்ன எழுதியிருக்கிறது படியுங்கள் என்றார்.

“நில்லுனு போட்டிருக்கு. சிவப்பா.”

சிவப்பா?

கோப்புக்கு ஏது நிறம்? அதில் எழுத்து மட்டும்தானே இருக்கும்! நிறம் அதற்குள் எப்படிப் போயிற்று? கண்ணுக்குத் தெரியாத குறிகளையும் காட்டு என்று இன்னொரு கட்டளையைத் தட்டினார். அப்போதுதான் அந்த வரியின் உண்மை உருவம் வந்தது. ‘நில்’ என்ற சொல்லுக்கு முன்னால் ^ என்ற தொப்பிக் குறி, அடைப்புக்குறிகள், எண்கள், ஓர் ஆங்கில எம். பின்னாலும் அதே போலக் கொஞ்சம். டெர்மினல் இந்தக் குறிகளை விழுங்கிவிட்டுச் சிவப்பைக் காட்டும். கேட் மெஷினுக்கு விழுங்கத் தெரியாது. அதைப் பொறுத்தவரை இந்த வரி தொப்பிக் குறியில் தொடங்குகிறது, நில்லில் அல்ல. எப்போதும் கலர் போடு என்றாரே, கண் இல்லாத மெஷினுக்கும் கலர் போட்டு அனுப்பியிருக்கிறது. வெறும் ‘நில்’ என்ற சொல் போதுமாயிருந்த இடத்தில் சிவப்பு போய் வழியை அடைத்துவிட்டது.

இது புரிந்து என்ன ஆகப்போகிறது, பஸ் போய்விட்டதே. திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அதில் எதுவுமே அவர் கண்ணில் படவில்லை.

போன் அடித்தது. அவள்தான்.

“பிரேக் காத்து காட்டுற முள்ளு இறங்கிச்சு. மேட்டு மேலேயே ஓரங்கட்டிட்டேன். சக்கரத்துக்குக் கட்டை வெச்சாச்சு, ஆளுங்கள இறக்கி வேற பஸ்ல ஏத்தியாச்சு. பட்டறை வண்டி அனுப்பச் சொல்லுங்க.”

அவர் சரி என்றார். அந்தப் பாழாய்ப்போன சரியைத்தான் சொன்னார்.

மதியம் ஓய்வறையில் மேனேஜர் விசாரணை வைத்தார். கேட்காரரை நிற்க வைத்துக் கேட்டார்: எண்ணை உண்மையிலேயே தட்டினீர்களா, இல்லை அரைத்தூக்கத்தில் கம்பியைக் கையால் தூக்கிவிட்டீர்களா? மெஷின் பொய் சொல்லாது, திரையில் பாருங்கள், இதோ சிவப்பாகவே இருக்கிறதே என்றார். கேட்காரர் தட்டினேன் சார், தட்டினேன் சார் என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. அந்த நேரம் பார்த்து, பட்டறை வண்டியில் இறங்கி, கைகளில் கறுப்பு கிரீஸோடு அவள் வாசலில் வந்து நின்றாள்.

கறுப்புத்திரை கதை அளக்க எல்லாம் தயாராக இருந்தது. கூட்டம் இருக்கிறது, எல்லாக் கண்ணும் இருக்கிறது. மெஷினின் பழைமையைப் பற்றி, அதை வாங்கியவர்களின் கஞ்சத்தனத்தைப் பற்றி, நூல் பிடித்தது போல ஒரு கதை அவர் தொண்டைவரை வந்துவிட்டது. நம்பவும் செய்திருப்பார்கள். அவர் எழுந்தார்.

“அவர் மேல தப்பில்ல சார். என் தப்பு. எழுத்துக்குக் கலர் போட்டேன். அது கேட்டுக்குப் போற கோப்புலயும் போயிடுச்சு. கேட்டுக்கு அதைப் படிக்கத் தெரியாது. நான் சோதிச்சுப் பாக்கல.”

அதோடு உட்கார்ந்துவிட்டார். மேனேஜருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எழுத்துக்குக் கலர் போட்டால் பஸ் எப்படி வெளியே போகும் என்று மூன்று விதமாகக் கேட்டார். கறுப்புத்திரை மூன்று முறையும் அதையே சொன்னார். கடைசியில் மேனேஜர் களைத்துப்போய், கேட்காரரைப் போகச் சொல்லிவிட்டு, இவரிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார். இதற்கென்ன தண்டனை என்று மேலிடத்துக்கே தெரியாது போலிருக்கிறது, இன்றுவரை பதில் வரவில்லை.

குழாயைப் பிரித்து, சுவர்த் திரைக்குத் தனியாகக் கலர் வரியும், கேட்டுக்குத் தனியாக வெறும் வரியும் போகிற மாதிரி அன்றைக்கே மாற்றினார். பிறகு கேட்டுக்குப் போய் நின்று, பதினேழைத் தட்டச் சொன்னார். மெஷின் கூவியது. இன்னொரு முறை தட்டச் சொன்னார். போதும்பா, காது போகுது என்றார் கேட்காரர். ஃபோர்மேன் தன் தேநீரை மூடும் பலகையைத் துடைத்து, பேசாமல் கொண்டுபோய்ப் பதினேழின் ஸ்டீயரிங்கில் தொங்கவிட்டார்.

சாயங்காலம் வீட்டில் அவள் கையிலிருந்த கிரீஸைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். மகள் உள்ளறையில் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். அவர் துண்டோடு பக்கத்தில் நின்றார். எதற்காக நிற்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை. விசாரணையில் பேசியதற்கு அவள் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தார், சொல்லவில்லை. கோபமா, இல்லையா, முகத்தைப் பார்த்தும் பிடிபடவில்லை. குழாயை மூடிவிட்டு அவள் கேட்டாள்:

“காலைல பயந்தீங்களா?”

ம் என்ற சொல் வழக்கம்போல உதட்டுவரை வந்தது. அவர் அதை விழுங்கினார்.

“ரொம்ப பயந்துட்டேன். நீ வர மாட்டியோன்னு நெனச்சேன்.”

அவள் துண்டை வாங்கிக்கொண்டாள். துடைத்த கையையே மறுபடி மறுபடி துடைத்தாள்.

“இன்னொரு தடவ சொல்லுங்க.”

காது கேட்காமல் கேட்கிறாளா, வேறு எதற்காவது கேட்கிறாளா? அவருக்கு விளங்கவில்லை. விளங்காமலேயே இன்னொரு முறை சொன்னார்.